ஊடக நாளில் ஒரு பொன்னாடை

எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களின் புட்போல் லீக் ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும், ஆட்டங்கள் தொடங்குமுன், ஓர் ஊடக நாள் நடத்தும். அதன் சரித்திரம் மொன்றியல் தமிழர்களில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பல்லுவலிக்காரனுக்குத் தன் பல்லைப் பற்றித் தெரிந்திருக்கிற மாதிரித்தான் இதுவும்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊரில் ஆடிய கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவம். றக்பிக்கு அண்ணன் தம்பி முறை. தலையிலும் தோளிலும் கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள். என் மகன் முன்வரிசைக்காரன். தன் அணியில் பந்து வைத்திருப்பவனை எதிரிகள் பிடிக்காமல் குறுக்கே நின்று தடுப்பதுதான் அவன் வேலை. "எப்ப தம்பி நீ பந்தைத் தொடுவாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "அது என்ர வேலை இல்லை அப்பா," என்றான். புட்டும் இறைச்சியுமாகப் போட்டு ஆறடிக்கு மேல் வளர்த்த பிள்ளை, பந்தையே தொடாமல் பந்து விளையாடுகிறான் என்றால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்?

அவன் பயிற்சி செய்கிற மைதானத்தில் இருப்பது செயற்கைப் புல். அதற்குள் மிளகு மாதிரிக் கறுத்த ரப்பர் துணுக்குகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். அவை அவன் சப்பாத்தில் ஏறி பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடும். கார்ப்பெட்டில் கிடக்கும், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் கிடக்கும், ஒருநாள் பருப்புக் கறியிலும் கிடந்தது. "வாசல்லை நிண்டு தட்டிப்போட்டு வா எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்பதுதான் என் மனைவியின் மாலைச் செபம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது பிள்ளைகளைப் பற்றித்தான் கதை நடக்கும். ஒருவரின் மகள் மருத்துவம், இன்னொருவரின் மகன் எஞ்சினியர், வேறொருவரின் பெடியன் கணக்காய்வாளர். என்னிடம் கேட்டால், "யூனிவேர்சிட்டியிலை படிக்கிறார்," என்று சொல்லிவிட்டு உடனே பனியைப் பற்றியோ பாலத்தில் நடக்கிற திருத்த வேலையைப் பற்றியோ தொடங்கிவிடுவேன். விளையாட்டு என்ற சொல் என் வாயில் ஏதோ சொல்லக்கூடாத நோயின் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டு வராது.

அவனுடைய ஆட்டங்களுக்கும் நான் போனதில்லை. ஒரேயொரு தடவை மழைக்குள் போனேன். எல்லோரும் கவசத்துக்குள் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். கடைசிவரைக்கும் வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டில் கதைக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவதை விட்டுவிட்டான். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில், நான் வேலை செய்கிற துறைமுகத்துப் பண்டகசாலையில் ஓவர்டைம் கிடைக்கும். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

அவனுடைய மூன்றாவது வருடம் தொடங்க இருந்த கோடையில், இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அப்பா, வாற கிழமை மீடியா டே. ஒவ்வொரு டீமிலையும் கோச்சும் ரெண்டு பிளேயர்சும் போறது. இந்த முறை என்னையும் எடுத்திருக்கினம். பேப்பர், டிவி எல்லாம் வரும்."

"நல்லது தம்பி," என்றேன்.

"நீங்கள் வாறீங்களோ? பின்னாலை இருந்து பாக்கலாம். கோச்சிட்டைக் கேட்டனான், ஓம் எண்டவர்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். பெற்றவனைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பிள்ளை கோச்சிடம் அனுமதி கேட்டிருக்கிறான். அந்த இடத்தில் நான் ஓம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பேப்பர், டிவி என்ற இரண்டு சொல்லும் மண்டைக்குள் போய் இருந்துகொண்டு என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த ஞாயிறு, கோப்பி நேரம், எஞ்சினியரின் தகப்பன் பக்கத்தில் நிற்கும்போது, எங்கள் பங்குத் தமிழ்ச் சங்கத்தின் தலைவரிடம் கொஞ்சம் உரத்த குரலில் அதைச் சொன்னேன்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நல்ல மனிசன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவார். ஆனால் காரின் டிக்கியில் எந்த நேரமும் செலோபன் சுற்றிய பொன்னாடைகள் நாலைந்து கிடக்கும். குடியுரிமைச் சத்தியம் எடுத்தவர், புதுக் கடை திறந்தவர், முழங்கால் ஒப்பரேசன் செய்து நடந்து வந்தவர் என்று அவர் போர்த்தாத ஆள் எங்கள் பங்கில் குறைவு. விஷயத்தைக் கேட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி இவ்வளவு நாளும் ஒளிச்சு வச்சிருந்தனீர்? வெள்ளைக்காரன் எங்கட பிள்ளையைக் கூப்பிட்டுக் கௌரவிக்கேக்கை நாங்கள் வெறுங்கையோடை நிக்கிறதோ?"

கௌரவிப்பு என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எஞ்சினியரின் தகப்பன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் மயங்கிப்போய் நின்றேன்.

நகர நடுவில் ஒரு ஹோட்டல் மண்டபம். நான், தலைவர், கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற வீடியோக்காரர் மூவரும் போய்ச் சேர்ந்தோம். கீழே நிலத்தடியில் தாராளமாகக் கார் விட இடம் இருந்தது. இதை நினைவில் வைத்திருங்கள். தலைவர் கோட் சூட். கையில் கோச்சுக்கு ஒரு மாலை, மகனுக்கு ஒரு பொன்னாடை. வாசலில் இருந்த பிள்ளை, "பொன்ஜூர், எந்த ஊடகம்?" என்று கேட்டாள். தலைவர் வீடியோக்காரரைக் காட்டி, "தமிழ் மீடியா," என்றார். அவள் மிகுந்த சந்தோஷத்தோடு மூன்று பேருக்கும் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டாள்.

உள்ளே போனோம். மேடையில் நீளமான மேசை. ஒவ்வொரு அணிக்கும் முன்னால் ஒரு தலைக்கவசம். நடுவில் வெற்றிக் கோப்பை. விளையாட்டுக்காரர்கள் சேர்ட்டுக்கு மேலேயே அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். என் மகனுக்குக் கழுத்துப் பட்டி இறுக்கமாக இருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள். குறிப்புப் புத்தகமும் கமெராவும் வைத்திருந்தார்கள். தாய் தகப்பன் என்று யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. எங்கள் ஆளைத் தவிர ஒருவர் கையிலும் மாலையும் இல்லை.

விழாவை நடத்தியவர் நரைத்த மீசைக்காரர். அந்த நாளின் சரித்திரத்தை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். ஆரம்பத்தில் அது ஒரு மதுக்கடையின் பின்னறையில் நடந்ததாம். பத்திரிகைக்காரர்களை விரல்விட்டு எண்ணலாமாம். இறைச்சி சான்ட்விச்சும் பியரும் கொடுத்தால்தான் அவர்களும் வருவார்களாம். ஒரு வருடம் வந்த ஒரே நிருபர் நித்திரையாகிவிட்டாராம். பிறகு ஹோட்டலுக்கு மாறியது. எந்த அணி எந்த இடத்தில் வரும் என்று பயிற்றுநர்கள் வாக்குப் போடுகிற வழக்கம் வந்தது. கோப்பையைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிற வழக்கம் வந்தது. ஆனால் அதை வெல்லாதவன் தொடக்கூடாது, தொட்டால் அந்த அணிக்கு அது கிடைக்காது என்று எல்லோருக்கும் ஒரு பயம். மீசைக்காரர்கூட அதிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் நின்றார்.

பிறகு வாக்கு முடிவை வாசித்தார். என் மகனின் அணி கடைசி இடம். நான் ஏதோ பிழையாக விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என் பிரெஞ்சு பண்டகசாலைப் பிரெஞ்சு, பேச வராது, ஆனால் விளங்கும். கடைசி என்றால் கடைசிதான். ஒரு நிருபர் எழும்பினார். "போன வருடம் ஒரேயொரு ஆட்டம்தான் வென்றீர்கள். இந்த முறையும் எல்லோரும் உங்களைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். சனம் ஏன் உங்களைப் பார்க்க வரவேண்டும்?" என்று என் மகனைப் பார்த்துக் கேட்டார்.

இவன் கழுத்துப் பட்டியை விரலால் தளர்த்திக்கொண்டு, "நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் வருவோம்," என்றான்.

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது பாராட்டு விழா இல்லை. கேள்வி கேட்பார்கள், பிள்ளைகள் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். தோற்றதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிற பிள்ளைக்குப் பொன்னாடை கொண்டுவந்திருக்கிறோம். தலைவரை எப்படியாவது வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பார்த்தேன். வசதியாகப் படம் பிடிப்பதற்காக அவர் வீடியோக்காரரோடு முன்வரிசைக்குப் போய்விட்டார். நான் பின் சுவரோடு நின்றேன்.

"வேறு கேள்விகள்?" என்றார் மீசைக்காரர். வாசலில் இருந்த பிள்ளை ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக வந்தாள். எங்கள் மண்டபங்களில் ஒலிவாங்கி ஆள் ஆளாகக் கைமாறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வாழ்த்துரை. தலைவர் எழும்பி அதை வாங்கிக்கொண்டார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பயிற்றுநர் பெருமக்களே," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். எங்கள் பங்கின் சார்பில், எங்கள் சமூகத்தின் சார்பில், எங்கள் இளைய தலைமுறையின் சார்பில் என்று மூச்சு விடாமல் போனார். நாங்கள் எப்படி இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தோம் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே மேடைக்கு ஏறினார். வீடியோவுக்கு வடிவாக இருக்கட்டும் என்று கோப்பையில் கையை ஊன்றிக்கொண்டார். மண்டபம் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது கேட்டது. மேசையில் இருந்த ஒரு பெடியன் கண்ணைப் பொத்திக்கொண்டான். துறைமுகத்தில் வேலை செய்கிறவன்தான் நான். ஆனால் மானம் கப்பலேறுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

கோச்சுக்கு மாலை போட்டார். கோச் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு தலையைக் கொடுத்தார். பிறகு பொன்னாடையை விரித்துக்கொண்டு என் மகனிடம் போனார். தலைவர் அவன் நெஞ்சு உயரம்தான் வருவார். அவர் எட்டி எட்டிப் போர்த்தப் பார்க்க, இவன் என்ன செய்வான்? அந்தப் பெரிய உடம்பை மடித்து முழங்காலில் இருந்தான். கமெராக்கள் எல்லாம் ஒரேயடியாக மின்னின. தலைவரின் தோளுக்கு மேலால் அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, வந்து தூக்கு என்று, அந்தப் பார்வை.

"இப்ப இந்தப் பிள்ளையைப் பெத்த தகப்பனாரை மேடைக்கு அழைக்கிறன்," என்றார் தலைவர், முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும். டிவிக்காரரின் விளக்கு முகத்தில் அடித்ததால் அவருக்குப் பின்பக்கம் தெரியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடினார். மண்டபத்தில் இருந்த தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. எல்லோரும் தகப்பனைத் தேடினார்கள்.

நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

எனக்குப் பின்னால் சுவரும் கதவும்தான் இருந்தன. அந்தக் கதவால் தகப்பன் இனித்தான் வரப்போகிறார் என்பது போல, கழுத்தில் ஊடக அட்டையோடு, மற்றவர்களோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப மேடையைப் பார்க்கும்போது மகன் எழும்பியிருந்தான். அவன் இப்போது என்னைப் பார்க்கவில்லை. தலைவர், "தகப்பனார் வெளியிலை போயிட்டார் போலை," என்று சிரித்துச் சமாளித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

அவன் அணியோடு பஸ்ஸில் போய்விட்டு, வெயில் தாழத்தான் வீட்டுக்கு வந்தான். பொன்னாடையை ஒழுங்காக மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். "நான் உங்களை மட்டும்தானே அப்பா கூப்பிட்டனான்," என்றான். நான் திரும்பிப் பார்த்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடம் ஊடக நாள் ஒரு பியர்க் கம்பனியின் மண்டபத்துக்கு மாறியது. அந்த வருடமும் அவனைத்தான் எடுத்தார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது, என்றாலும் கேட்டேன். "இந்த முறை நான் தனிய வரட்டோ தம்பி?"

"அங்கை பார்க்கிங் இல்லை அப்பா," என்றான்.

அந்த மண்டபம் மெற்றோ வாசலில் இறங்கினால் கண்ணுக்கு முன்னால் தெரியும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஓமோம், அந்தப் பக்கம் கரைச்சல்தான்," என்றேன். மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனாள்.

அதிலிருந்துதான் நான் அந்த நாளின் சரித்திரகாரன் ஆனேன். மெற்றோவில் சும்மா கொடுக்கிற பேப்பரில் தேடி வாசித்தேன். உள்ளூர்த் தொலைக்காட்சியில் இரண்டு நிமிடம் காட்டுவதற்காக ஒரு பின்னேரம் முழுக்கக் காத்திருந்தேன். குறிப்புப் புத்தகக்காரர் குறைந்து, மடிக்கணினியோடு பெடியள் வரத் தொடங்கியதைக் கண்டேன். ஒரு புது வழக்கம் சேர்ந்ததையும் கண்டேன். மீசைக்காரர் தொடக்கத்திலேயே, "மாலை கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்களா? கோப்பையைத் தள்ளி வைக்கட்டுமா?" என்று கேட்பார். மண்டபம் சிரிக்கும். கெட்ட மனதோடு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கூச்சம். அந்த நாளின் சரித்திரத்தில், நித்திரையான நிருபருக்குப் பக்கத்தில், எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆட்டங்களுக்கு இப்போது நான் போனேன். மூலையில் இருந்து பார்த்துவிட்டு அவன் வெளியே வருமுன் வந்துவிடுவேன். அவனுடைய இலக்கத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அவனுடைய ஐந்தாவதும் கடைசியுமான வருடம் ஊடக நாளை ஒரு மைதானத்தில் வைத்தார்கள். சனமும் வரலாம், கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வேலை உடுப்போடேயே போனேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் தின்கிற பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் நடுவில், செயற்கைப் புல்லின் ஓரத்தில் நின்றேன். இப்போது தாய் தகப்பன்மார் தாராளமாக வந்திருந்தார்கள்.

ஓர் இளம் நிருபர் என் மகனிடம் ஒலிவாங்கியை நீட்டினாள். "அந்தப் பொன்னாடைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு உன் அப்பாவுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!" என்றாள்.

அவன் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தான். "அப்பா அன்றைக்கு வரவில்லை," என்றான். "அவருக்கு வேலை. வந்தது கோயில் ஆட்கள்."

பச்சைப் பொய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால், பெற்றவனை இல்லையென்று சொல்லிவிட்டானே! அந்தக் கோபம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தவன் நான். தகப்பன் இங்கே இல்லை என்று நான் அன்றைக்குக் காட்டியதைத்தான் அவன் திருப்பிச் சொல்கிறான். சிரிப்பில் இருந்து என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா தெரியாது. எதுவாக இருந்தாலும் வெட்கத்தில் உடம்பு கூனிப்போய், அந்தத் தாய்மாரை விலக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்கு வரும்போது நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். மனைவி வழக்கம் போல உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "வாசல்லை நிண்டு தட்டிப்போட்டு வா!"

அவன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். பக்கத்தில் என் வேலைச் சப்பாத்து கிடந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து இருந்தான். துறைமுகத்தில் சீமெந்துத் தூசி இருக்கும், எண்ணெய் இருக்கும். அந்தக் கறுத்த ரப்பர் மணி அங்கே இல்லை. என் சப்பாத்தின் மடிப்பெல்லாம் அதுதான் நிறைந்து கிடந்தது.

"அப்பா," என்றான் நிமிராமலே. "இண்டைக்கு வேலையோ?"

"ஓம் தம்பி," என்றேன். "வேலைதான்."

அவன் இரண்டு சோடியையும் தூக்கிக்கொண்டு வெளியே படிக்குப் போனான். கதவைத் திறந்தபடியே விட்டிருந்தான். படி விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் தன்னுடையதைத் தட்டினான், பிறகு என்னுடையதை.